தாமரைக்குக் கீழே இரண்டு இலை

"இந்தப் பயம் எப்பத்தான் போகும், ஸ்தபதியாரே?"

ஸ்தபதி உளி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தப் பயம்?"

"நாளைக்கு முட்டு எடுக்கணுமே. அந்தப் பயம்."

"ஓ, அதுவா."

உளியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினார். அவ்வளவுதான் பதில்.

கேட்டவர் பெரியநாயகம். ஐம்பதைத் தொடப் போகிற ஆள். நாற்பது வயது வரைக்கும் மரவேலை பார்த்தவர். கட்டில், கதவு, வீட்டு உத்தரம் என்று ஊரில் பாதி மரம் அவர் கை பட்டது. அதற்குப் பிறகுதான் கல்லுக்கு வந்தார். கற்றுக்கொடுத்தவர் ஸ்தபதி சடையப்பர். வயதில் சின்னவர். அதைவிட, பெரியநாயகத்தின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தம்பி.

பெண்டாட்டியின் தம்பியிடம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்வதைவிடப் பெரிய தவம் ஆண்பிள்ளைக்குக் கிடையாது. பெரியநாயகம் பத்து வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். கோயில் வேலை நடக்கும் இடத்துக்கு எல்லையாக ஒரு வேப்பமரம். மரத்துக்கு இந்தப் பக்கம் இவர் 'ஸ்தபதியாரே' என்பார், அவர் 'வே' என்பார். மரத்தைத் தாண்டினால் இவர் 'மாப்பிள்ளை', அவர் 'அத்தான்'. மரத்தடியைக் கடக்கும்போது இரண்டு பேர் முதுகும் வேறு மாதிரி வளையும்.

மலையடிவாரத்தில் காளிக்குக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. கருவறைக்கு முன்வாசலில் இரண்டு தூண். தூண்களுக்கு மேல் ஒரே கல்லில் ஓர் உத்தரம். அம்மனுக்குக் கல் தேடி ஸ்தபதி மலைக்குப் போயிருந்த நாட்களில், பெரியநாயகம் தன் பொறுப்பில் செதுக்கி, தன் பொறுப்பில் ஏற்றிய முதல் கல் அது. இப்போதைக்குப் பனந்தடிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கல்வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டு எடுக்கும் நாளில், கல்லை ஏற்றியவன் பெண்டாட்டியோடு அதற்கு நேர் கீழே உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். இலையை மடித்து, எழுந்து, கை கழுவிய பிறகுதான் சாமி அந்த வாசலுக்குள் போகும். சாமி தலைக்கு மேல் இருக்கப் போகிற கல், ஒரு வேளைச் சோற்றுக்காவது வைத்தவன் தலைக்கு மேல் இருக்கட்டும் என்று.

"மரம்னா எனக்கு இவ்வளவு பயம் கிடையாது" என்றார் பெரியநாயகம். "ஒடியப் போற மரம் முனகும். எந்திரிச்சு ஓட நேரம் குடுக்கும். கல்லு ஒண்ணும் சொல்லாதே."

"கல்லும் சொல்லும்."

"எப்போ?"

"மேல ஏத்துறதுக்கு முன்னால."

"தட்டிப் பாத்தேனே. வெண்கலம் மாதிரி கேட்டுது."

"எப்போ தட்டினீரு?"

"மலையில இருந்து வந்து இறங்கினன்னைக்கே."

ஸ்தபதி உளி முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார்.

"ம்" என்றார்.

"நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா, எனக்கு நிம்மதியா இருக்கும்."

"பாத்தேன். தாமரை நல்லா வந்திருக்கு."

உத்தரத்தின் அடிமுகத்தில், நட்டநடுவில், கவிழ்ந்து பூத்த ஒரு தாமரை. பெரியநாயகம் செதுக்கியது. ஊர்ச்சனம் பாதி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"நான் தாமரையைக் கேக்கல. கல்லைக் கேக்கேன்."

"நாளைக்கு எத்தனை இலை?"

பெரியநாயகம் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு போதும். நான் மட்டும் உக்காந்துக்கிடுதேன். உங்க அக்காவுக்கு மேலுக்குச் சுகமில்ல."

"காலையில கிணத்தடியில பாத்தேனே. ரெண்டு குடத்தையும் சுமந்துக்கிட்டு, என்னை வைஞ்சுக்கிட்டே போனா. மூச்சுகூட வாங்கல."

"சாயங்காலந்தான் சுகமில்லாமப் போச்சு."

ஸ்தபதி முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"என் தலையைப் பத்தி எனக்குக் கவலை இல்ல, ஸ்தபதியாரே" என்றார் பெரியநாயகம். "அவளை விட்டுருங்க."

"உமக்குக் கவலை இல்லாத தலை எனக்கு எதுக்குவே? தன் தலையை வச்சு மனுசன் எம்புட்டுப் பொய்யும் சொல்லுவான்."

உளியைத் துணியில் துடைத்து உறையில் போட்டார்.

"ரெண்டு இலை."



வீட்டில் உலகம்மை புளி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான் என் தம்பி?"

"ரெண்டு இலைன்னான்."

"பின்ன? உங்களை மட்டும் உக்கார வச்சுட்டு நான் வெளிய நின்னு வேடிக்கை பாக்கவா?"

"நீ வர வேண்டாம். காய்ச்சல்னு படுத்துக்கோ."

"காய்ச்சலா?" உலகம்மை கையை உதறினாள். "நெசமாவே காய்ச்சல் வந்தப்போ இந்த வீட்டுல யாரு எனக்குக் கஞ்சி வச்சா? அடுப்படியில நின்னுதானே காய்ச்சல் போச்சு. இப்போ ஒரு பொய்க் காய்ச்சலுக்கு நான் பாய் விரிச்சுப் படுக்கணுமாக்கும்!"

"உலகு, விளையாடாத. உனக்குப் பயமா இல்லையா?"

"நீங்க செஞ்ச கட்டில்லதான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து படுக்கேன். புரண்டு படுத்தா கிறீச்சுன்னு தெருவைக் கூட்டும், அது வேற கதை. ஒரு நாளாவது கீழ விழுந்திருக்கேனா?"

"அது மரம்டி."

"கை உங்க கைதானே?"

அவளுக்கு அது சமாதானம். அவருக்கு அந்த வார்த்தை எங்கேயோ முள்ளாகக் குத்தியது. எங்கே என்று தெரியவில்லை.

இரண்டு பேருக்குச் சமைக்க வேண்டியவள் ஒரு பந்திக்கு ஆகும் புளியை ஊறவைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். உலகம்மைக்கு எப்போது கை அளவு தப்பும் என்று கட்டியவருக்குத் தெரியாதா?

காலையில் அவள் நைந்துபோன ஒரு சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பட்டுச்சேலையைக் கட்டிக்கலாம்ல. ஊரே வரும்."

"கல்லு விழுந்தா நானும் போவேன், பட்டும் போகும். ஒரு நட்டம் போதும்."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தாள்.

எப்போதும் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்து இல்லை. விளக்கு மாடத்தில், வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தது.

பெரியநாயகம் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.



வாசலில் மூன்று முட்டுகள் நின்றன. ஓரத்துக்கு ஒன்று, நடுவில் தாமரையை ஒட்டி ஒன்று. நடு முட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை.

வேலைக்காரர்கள் எல்லாரும் தள்ளி நின்றார்கள். பரிமாற வந்த பெண், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடியே போனாள்.

ஸ்தபதி கையில் கொட்டாப்புளியோடு வந்தார். முட்டுத் தட்டும் பெரிய மரச்சுத்தி.

"ஏலே சடையா, என் இலையில காலை வச்சிராத" என்றாள் உலகம்மை. வேப்பமரத்து ஏற்பாடெல்லாம் அவளுக்குக் கிடையாது. அவளுக்கு எங்கேயும் அவன் சடையன்தான்.

"சாப்பிடு" என்றார் ஸ்தபதி.

டொக்.

இடது ஓரத்து முட்டு சாய்ந்தது. இரண்டு பேர் கயிற்றால் அதை வெளியே இழுத்தார்கள். மேலேயிருந்து பொடியாக மண் உதிர்ந்தது.

"ஏலே, குழம்புல மண்ணு."

"ஒதுக்கிட்டுச் சாப்பிடு."

பெரியநாயகம் ஒரு கவளத்தை எடுத்தார். அது வாய்க்குப் போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். ஒரு முனகல், ஒரு கிறீச்சு, ஏதாவது. ஏதாவது கேட்டால் பரவாயில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை. தலைக்கு மேல் அத்தனை பாரம், மூச்சுவிடாமல் இருந்தது.

டொக்.

வலது ஓரத்து முட்டும் போனது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லு" என்றாள் உலகம்மை. குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் போட்ட சோறு இலையில் அப்படியே இருந்தது.

ஸ்தபதி சிரித்தார். நடு முட்டின் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது அவர் தலைக்கு மேலும் அதே கல்தான்.

"பயமா இருக்காவே?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"எங்கன்னா?"

"பயம்வே. எங்க இருக்குன்னு காட்டும்."

நெஞ்சைத் தொடப் போகிறோம் என்றுதான் பெரியநாயகம் நினைத்தார். இல்லாவிட்டால் வயிற்றை. சோறு ஒட்டிய கை அவரைக் கேட்காமல் மேலே போனது. தூணில் கல் உட்காரும் இடத்தைக் காட்டவில்லை. ஓரத்தைக் காட்டவில்லை.

தாமரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அது பூதானவே?" என்றார் ஸ்தபதி.

"ஆமா."

"பூவுக்கு யாராவது பயப்படுவாங்களா? அங்க எதுக்குப் பூ வச்சீரு?"

"அங்க ஒரு பள்ளம் இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல. அதை மறைக்க."

"மலையில இருந்து வரும்போதே பள்ளமா?"

"இல்ல. நான்தான் வெட்டினேன். தூக்கும்போது கயிறு நழுவாம இருக்கறதுக்கு. உத்தரம் தூக்கும்போது எப்பவும் நடுவுல ஒரு காடி வெட்டிக்கிடுவேன். எப்பவும் வெட்டுற…"

நிறுத்தினார்.

எப்பவும். மரத்தில்.

கை உங்க கைதானே?

மரத்தின் அடிவயிற்றில் ஒரு வெட்டு விழுந்தால் மரம் தாங்கும். நார் இழுத்துப் பிடிக்கும், வளையும், முனகும். கல்லுக்கு ஏது நார்? பாரமெல்லாம் வந்து கூடுகிற இடத்தில் வெட்டியிருக்கிறார். வெட்டியதை மறைக்க, இதழ் இதழாக இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கிறார். தோண்டிய பிறகு ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

ஸ்தபதி கொட்டாப்புளியைத் தூக்கினார்.

"கடைசி முட்டு. தட்டட்டுமா?"

"தட்டாத! மாப்பிள்ளை, தட்டாத!"

வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் அந்த வார்த்தை அதுவரை வந்ததே கிடையாது.

பெரியநாயகம் எழுந்தார். இலையை மிதித்தார். நடு முட்டைச் சுற்றி வந்து, உலகம்மையின் எச்சில் கையைப் பிடித்து, தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"விடுங்க! இன்னும் மோரே ஊத்தல! ஊரு பாக்குது!"

ஊர் பார்க்கத்தான் செய்தது. பாதி இலையில் எழுந்தால், கல்லை வைத்தவனே கல்லை நம்பவில்லை என்று அர்த்தம். எழுந்துவிட்டால் கல் இறங்கியாக வேண்டும். அதுவும் வழக்கம்தான். ஆனால் அப்படி ஒருத்தன் எழுந்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தன் சிரித்தான்.

"நான் வச்ச கல்லு சரியில்ல" என்றார் பெரியநாயகம், எல்லாருக்கும் கேட்கும்படி. "இறக்குங்க."

சிரித்தவன் நிறுத்தவில்லை. பெரியநாயகத்துக்கு அது உறைக்கவுமில்லை. உலகம்மையின் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.



ஓரத்து முட்டுகளைத் திரும்பக் கொடுத்து, கயிறு கட்டி, கல்லை இறக்குவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

ஸ்தபதி நின்ற இடத்தில் நின்றே வேலை வாங்கினார். அங்கே இழு, இங்கே விடு என்று எல்லாவற்றையும் இடது கையாலேயே காட்டினார். நடுவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நடு முட்டை எடுக்கும்போது பெரியநாயகம் அதன் அடியைப் பார்த்தார். அவர் அடித்திருந்த ஆப்பு பழைய வேம்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆப்பு இறுக்கி அடித்திருந்தது. பச்சைப் பலா. வெட்டுவாயில் பால்கூடக் காயவில்லை. கல்லைப் பற்றி அவருக்கு எது தெரியாவிட்டாலும் மரத்தைப் பற்றித் தெரியும். அது அன்றைக்கு விடிந்த பிறகு வெட்டிய மரம்.

ஆப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்தபதியிடம் போனார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் அவளை உக்கார வச்சீங்க."

"ஆமா."

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

"இந்தக் கல்லை இறக்கியிருப்பேன்."

"அடுத்த கல்லை?"

பெரியநாயகம் ஆப்பைக் கீழே வைத்தார்.

கல்லைத் தரையில் இரண்டு உருளைக் கட்டைகளின் மேல், வாசலில் இருந்த மாதிரியே, தாமரை கீழே பார்க்க இறக்கி வைத்தார்கள். எல்லாரும் விலகினார்கள். பெரியநாயகம் ஒரு சின்னச் சுத்தியை எடுத்து அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

வெண்கலம் இல்லை. ஓட்டைப் பானை.

இன்னொரு தட்டு.

கல் இரண்டானது. மெதுவாக இல்லை, முனகிக்கொண்டு இல்லை. இருந்தது, பிறகு இரண்டாகக் கிடந்தது. பாதித் தாமரை அந்தத் துண்டில், பாதித் தாமரை இந்தத் துண்டில்.

கூட்டத்தில் சிரித்தவனைக் காணோம்.

"சத்தமே போடல" என்றார் பெரியநாயகம்.

உலகம்மை வந்து நின்று பார்த்தாள். காலையில் பிசைந்த சோறு அவள் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்தது. கை கழுவ அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே ஜல்லிமேல் உட்கார்ந்தாள்.



"ஏலே சடையா."

"என்னக்கா?"

"அந்த ஆப்பு நழுவியிருந்தா?"

ஸ்தபதி இடது கையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் இன்னும் சோறு கேட்டேன். நீ சிரிச்ச."

"சிரிச்சேன்."

"நீயும் ஒரு மனுசனாலே? உனக்குப் பயமே கிடையாதா?"

ஸ்தபதி பெரியநாயகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பயம் எப்பத்தான் போகும்னு நேத்து கேட்டீங்க, அத்தான்" என்றார். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். "பதில் சொல்லாம விட்டுட்டேன்."

வலது கையை நீட்டினார்.

கொட்டாப்புளி அதிலேயே இருந்தது. காலையில் தூக்கிய கொட்டாப்புளி. விரல்கள் பிடியைச் சுற்றி வெளுத்துப்போய், வேர் மாதிரி இறுகியிருந்தன.

"விட மாட்டேங்குது" என்றார்.

உலகம்மை எழுந்தாள். தம்பியின் கையைத் தன் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். ஒவ்வொரு விரலுக்கும் அவர் பல்லைக் கடித்தார். கட்டைவிரல் கடைசியில் வந்தது.

கொட்டாப்புளி கீழே விழுந்தது.

பெரியநாயகம் குனிந்து அதை எடுத்தார்.

பிடி இன்னும் வியர்வையில் நனைந்திருந்தது.